தலைகீழ் ஒத்தி

தம்பி, ஒரு பத்து நிமிசம் ஒதுக்கணும். பெரிய பத்திரம் ஒண்ணும் இல்ல. ஒரு பைசல் ரசீது, அஞ்சாயிரம் ரூவாய்க்கு. பாக்கி தீந்துட்டு, இனிமே ஒருத்தர் பேர்ல ஒருத்தருக்கு ஒரு பாத்தியதையும் இல்லன்னு ரெண்டு வரி எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது சோலி. ஆனா எழுதுறதுக்கு முன்னால நீங்க வெவரத்தக் கேட்டுரணும். இல்லன்னா என்னையத் தப்பா நெனச்சிருவீங்க. ஊர்ல எல்லாவனும் அப்பிடித்தான் நெனைக்கான்.

மெதுவாப் பேசுவோம். அந்தா, ரெஜிஸ்டர் ஆபீஸ் எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சில ஒருத்தன் வலது கால நீட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க. நீலச் சட்டை. அவன்தான் எதிர்பார்ட்டி. சித்திரைவேல். பதினாறு வருசத்துக்கு முந்தி இந்த மூணு தாலுகாவுலயும் அவன் பேரு தெரியாத ஆளு கிடையாது. கபடின்னு பாடிக்கிட்டு எதிராளி கோட்டுக்குள்ள போனான்னா, ரெண்டு பேரத் தொடாம திரும்பி வரமாட்டான். அவன் பாடிப் போறதப் பாக்கதுக்குன்னே பொம்பளயாளுக பாத்திரம் கழுவாம வந்து நிப்பாங்க.

நான் தங்கப்பழம், மேலப்பனவிளை. பந்தல், சேர் வாடகை. ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நம்ம சேருதான். எரநூறு போச்சி, நூத்தித் தொண்ணூத்தொம்போது வந்துது. அது போகட்டும். எங்கூர்ல ஏழு நட்சத்திரம் கபடிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு இருவத்திரண்டு வருசமா செயலாளரும் நான்தான், பொருளாளரும் நான்தான். தலைவர்னு ஒருத்தர் உண்டு. அவரு துபாய்ல இருக்காரு.

இந்தா, பழைய பத்திரம். இருவது ரூவாத் தாளு. கீழ எழுதினது யாருன்னு பாருங்க. ஒங்கப்பாதான். நல்லபெருமாள் பிள்ளை, பத்திர எழுத்தர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் அவருக்கு. குத்தம் எழுத்துல இல்ல தம்பி, பெறவு சொல்லுதேன்.

அப்பம் அவன் தாமரைவிளைக்கு ஆடிக்கிட்டிருந்தான். மூணு வருசத்துக்குப் பேசி வச்சிருந்தாங்க. அந்தப் பங்குனியோட முடிஞ்சிட்டு. முடிஞ்சிட்டுன்னா யாருக்கு வேணும்னாலும் ஆடலாம், ஒருத்தனும் கேக்க முடியாது. மறுநா காலையில அவன் வீட்டுத் தெருவுல கார் நிக்க எடம் இல்ல. வடக்கருந்து ஒரு மில்லு டீம்காரன் வந்தான். தாமரைவிளை பாத்திரக்கடை முதலாளி மூணு லட்சத்த ரொக்கமா ஒரு பித்தள அண்டாவுக்குள்ள வச்சி, மூடியப் போட்டுக் கொண்டுவந்து எறக்கினாரு. அண்டாவும் ஒனக்குத்தான்னு வேற சொன்னாரு.

எங்க கிட்ட என்ன இருந்தது? ஊர்ல வசூல் பண்ணினது, என் கைப்பணம், எல்லாம் சேத்து ஒரே ஒரு லட்சம்.

அப்பம்தான் என் மருமகன், அக்கா மகன், சொன்னது ஞாபகம் வந்துது. அமெரிக்காவுல இருக்கான். அங்க பேஸ்பால்னு ஒரு விளையாட்டாம். உருட்டுக் கட்டைய வச்சிப் பந்த அடிச்சிட்டு ஓடுதாங்க. அதுல பெரிய ஆட்டக்காரன் ஒருத்தன எடுக்கணும்னா, சம்பளத்துல கொஞ்சத்த இப்பம் குடுத்துட்டு மீதிய நிப்பாட்டி வச்சிருவாங்களாம். அவன் ஆடி முடிச்சி, தொப்பை போட்டு, பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு அலையும்போது வருசா வருசம் குடுப்பாங்களாம். மருமகன் வேடிக்கையாச் சொன்னான். எனக்குப் பொறி தட்டிட்டு. பந்தலுக்கு மூங்கில் கடனுக்கு எடுக்கோம்லா, அதே கதைதானே.

நேராப் போயி அண்டாவுக்குப் பக்கத்துல நின்னேன். அஞ்சு லட்சம்னேன். பாத்திரக்கடைக்காரர் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. எப்பம் குடுப்பன்னு அவருக்குக் கேக்கவே தோணல. இவன்தான் கேட்டான்.

"ஒரு லட்சம் இப்பம். மூணு வருசம் ஆடு. நாலாம் வருசத்துலருந்து வருசம் நாப்பதாயிரம். பத்து வருசம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுப் பொங்கல், என் கையால தருவேன்"னேன்.

அங்கன நின்ன அத்தன பேரும் சிரிச்சான். பாத்திரக்கடைக்காரர் அண்டா மூடியத் தட்டிக்கிட்டே சிரிச்சாரு. இவன் சிரிக்கல. தன் காலத் தடவிக்கிட்டான். பெறவு சொன்னான். "அண்ணாச்சி, ஆடி முடிச்சவன் ஒருத்தனும் நல்லா இருந்து நான் பாத்ததில்ல. எனக்கு முன்னால தாமரைவிளைக்குப் பாடினவரு இப்பம் பஸ்ஸ்டாண்டுல பூட்டு ரிப்பேர் பாக்காரு. இந்த மூணு லட்சத்த வாங்கினா எங்கய்யா ரெண்டு வருசத்துல குடிச்சி முடிச்சிருவாரு. எனக்குப் பெறவுன்னு ஒண்ணு இருக்குன்னு நெனச்சிப் பேசின முத ஆளு நீங்கதான்."

கேட்டீங்களா? அவனே சொன்னது. நான் ஒண்ணும் ஏமாத்தல. சாட்சிக்கு அண்டா இருந்தது.

அன்னைக்கே ஒங்கப்பாகிட்ட வந்தோம். இதே மேசைதான். அவரு கிரயம், ஒத்தி, குத்தகை, தானம், இந்த நாலத் தவிர வேற எழுதினது கிடையாது. "கபடிக்கு மாடல் இல்லயேப்பா"ன்னாரு. வெத்தலையப் போட்டுக்கிட்டு யோசிச்சாரு. "ஒரு சொத்த ஒருத்தன் அனுபவிக்கணும், பணம் தீந்ததும் சொத்து சொந்தக்காரன்கிட்ட திரும்பணும். அம்புட்டுதான? இது ஒத்திதான்"னாரு.

ஒத்தின்னா ஒங்களுக்கு நான் சொல்லணுமா? பணத்தக் குடுத்து வயல வாங்குவோம், பணம் திரும்பி வார வரைக்கும் உழுது சாப்பிடுவோம், வந்ததும் வயல விட்டுருவோம். இங்க பணம் பாக்கி வச்சிருக்கவனும் நான், சொத்த அனுபவிக்கிறவனும் நான். "பிள்ளைவாள், இது தலைகீழா இருக்கே"ன்னேன். "தலைகீழ் ஒத்தின்னு வச்சிக்க"ன்னாரு.

சொத்து விவரம்னு ஒரு எடம் வந்துது. ஒங்கப்பா நாலு எல்லை கேட்டாரு. ஆளுக்கு ஏது எல்லை? கடைசியில இப்பிடி எழுதினாரு, வாசிக்கேன் கேளுங்க. 'மேற்படி சித்திரைவேல், உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், இரண்டு கால், இரண்டு கை, மூச்சு சகிதம்.' மூச்சு நான் சேக்கச் சொன்னது. கபடிக்கு அதுதான முதலு.

இதுக்குப் பெறவுதான் முக்கியம். 'பாக்கித் தொகை பூராவும் செல்லாகித் தீருகிற வரைக்கும் மேற்படி சொத்தானது மேற்படி குழுவின் அனுபவத்திலேயே இருந்து வரவும், அதுவரை வேறு யாருக்கும் யாதொரு பராதீனமும் செய்யாமல் இருக்கவும், பாக்கி தீர்ந்த தினமே மேற்படி சொத்தை உள்ளது உள்ளபடி சொந்தக்காரர் வசம் திருப்பி ஒப்படைக்கவும் வேண்டியது.'

வாயால பேசினது மூணு வருசம். பத்திரத்துல பாக்கி தீருற வரைன்னு விழுந்துட்டு. கணக்குப் பாத்தா பதிமூணு வருசம். ஒங்கப்பா கவனிக்கல, அவனும் கவனிக்கல. நான் கவனிச்சேன். எழுதி முடிச்ச பெரிய மனுசன்கிட்ட அடிச்சி எழுதச் சொல்லலாமா? மரியாத இல்ல. விட்டுட்டேன்.

மூணு வருசம் நல்லா ஆடினான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். மொத வருசம் கப்பு. ரெண்டாவது வருசம் ரெண்டாம் பரிசு. மூணாவது வருசம் பங்குனியில பைனல், எதிர்ல தாமரைவிளை. முந்துன நாள் ஆட்டத்துல முட்டு முறுக்கி, அன்னைக்குக் காலையில இளநி மாதிரி வீங்கிப் போயிருந்தது.

"எறங்கட்டுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டான்.

நீங்க சொல்லுங்க தம்பி. ஒத்திக்கு எடுத்த வயல்ல கடைசிப் போகத்த எவனாவது தரிசாப் போடுவானா? அறுநூறு சேர் போட்டிருக்கேன். எறங்குன்னேன். எறங்கினான். ரெண்டு நிமிசம் பாக்கி, ரெண்டு பேரும் சமப் புள்ளி. பாடிக்கிட்டுப் போயி ஒருத்தனத் தொட்டான். டப்புன்னு ஒரு சத்தம். மூங்கில் முறியிற மாதிரி. நான் திரும்பிப் பந்தலைத்தான் பாத்தேன். பந்தல் நல்லாத்தான் இருந்தது.

அவன் ரெண்டு கையாலயும் மண்ண இழுத்து இழுத்து நடுக்கோடு வரைக்கும் வந்தான். வார வரைக்கும் மூச்ச விடல, பாடிக்கிட்டேதான் வந்தான். கோட்டத் தொட்டுட்டுத்தான் கத்தினான். ஒரு புள்ளியில செயிச்சோம். அந்தக் கப்பு எங்க வீட்டு அலமாரியில இருக்கு. வந்தா பாருங்க.

நாகர்கோவில்ல டாக்டர், ஒரு மாசத்துக்குள்ள ஆப்பரேசன் பண்ணினா பழையபடி ஓடலாம், எம்பதாயிரம் ஆகும்னாரு. இவன் நொண்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தான். "அண்ணாச்சி, ரெண்டு வருசத் தவணைய இப்பமே குடுத்திருங்க. எம் பணந்தான"ன்னான். சித்திரை மாசம் அது. மாட்டுப் பொங்கலுக்கு ஒம்போது மாசம் இருக்கு. பத்திரத்துல தேதி போட்டு எழுதியிருக்கு. நான் என்ன செய்ய? இன்னைக்கு ஒரு தேதிய மாத்தினா நாளைக்கு ஒண்ண மாத்தச் சொல்லுவான். தொழில்ல இருக்கவன் அப்பிடிப் பழக்கக் கூடாது. பந்தல் பிரிக்க வேண்டிய நாள்ல பிரிச்சிரணும். "எழுதினத மீறக் கூடாதுப்பா"ன்னேன்.

பணம் இல்லாம இல்ல. அந்த மாசந்தான் புதுசா முந்நூறு சேர் எறக்கினேன்.

சரிங்க அண்ணாச்சின்னு போயிட்டான். சண்ட போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அந்த ஒண்ணு மட்டும் எனக்கு... அத விடுங்க. அந்தக் கால்தான் அந்தா நீட்டிக்கிட்டு இருக்கு. இன்னைக்கும் மடங்காது.

வீட்டுக்காரிதான் ரொம்ப நாள் என்கிட்ட பேசல. "சேரு மேல சேரு அடுக்கி வச்சி அதுல ஏறி உக்காந்துக்கிடுங்க"ன்னா. அவளுக்குத் தொழில் தெரியாது. அவ போய்ச் சேந்து எட்டு வருசம் ஆச்சி.

அடுத்த தையில மாட்டுப் பொங்கலன்னைக்கு வந்தான். நாப்பதாயிரத்த கவர்ல போட்டு, மேல குங்குமம் வச்சி நீட்டினேன். வாங்கல. "இன்னும் ஒங்க அனுபவத்துலதான அண்ணாச்சி இருக்கேன். எறங்காம வாங்கினா தப்பு"ங்கான். ஏல, ஒங்காலு கெடக்கிற கெடப்புக்கு எறங்கி என்ன பண்ணப் போறன்னேன். கேக்கல. சட்டையக் கழத்தி என் கையில குடுத்துட்டு, நொண்டிக்கிட்டே கோட்டுக்குள்ள போனான்.

அன்னைக்கு ஊர் டீமுக்கும் பக்கத்து ஊருக்கும் சும்மா ஒரு ஆட்டம். ஒரே ஒரு தடவ பாடிப் போனான். எதிர்ல நின்னவங்களுக்கு என்ன செய்யன்னு தெரியல. ஒருத்தன் மெதுவா வந்து இடுப்பப் பிடிச்சி, கோயில் குடத்த எறக்கி வைக்கிற மாதிரி கீழ உக்கார வச்சான். ஊரே எந்திரிச்சி நின்னு கைதட்டுது. எனக்கு மானம் போச்சி. பெறவு வந்து, மண்ணத் தட்டி விட்டுட்டு, கவர வாங்கிக்கிட்டான்.

அதுலருந்து வருசா வருசம் அதேதான். பொங்கலன்னைக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வருவான். மறுநா எறங்குவான், ஒரு தடவ பாடுவான், பிடிபடுவான், பணத்த வாங்குவான். அதுக்கு மறுநா காலையில பஸ் ஏறுவான். ஏழாவது வருசம் ஒருத்தனத் தொட்டுட்டுத் திரும்பியே வந்துட்டான். அன்னைக்கு வெடி போட்டாங்க. அதப் பாக்க எங்கெங்க இருந்தோ ஆளுக வாராங்க தம்பி. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நானூறு சேர் போவும். வாடகை வருது, இல்லங்கல. ஆனா எனக்கு எவ்வளவு சங்கடம்னு யாரு நெனச்சிப் பாக்கா?

ஒரு தவணை தவறினது கிடையாது. ஒம்போது வருசம் முழுசா நாப்பதாயிரம். அமெரிக்காக்காரன்கூட அப்பிடிக் குடுத்திருக்க மாட்டான். பத்தாவது வருசம் முப்பத்தஞ்சி குடுத்தேன். அஞ்சாயிரத்தப் பிடிச்சி வச்சேன். ஏன்னு கேளுங்க. நாலு சேர் ஒடஞ்சிட்டு. இவனப் பாக்கணும்னுதான ஏறி நின்னானுக? இவன் எறங்கலன்னா அவனுக ஏன் ஏறப் போறான்? நாலு சேருக்கு அஞ்சாயிரம் வராது, எனக்குத் தெரியும். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னு சொன்னேன். சரிங்க அண்ணாச்சின்னான்.

அடுத்த வருசம் பொங்கல் செலவு. அதுக்கு அடுத்த வருசம் மழ. இந்த வருசம்... இந்த வருசம் என்ன சொன்னேன்னு மறந்து போச்சி. ஆனா வந்தவன வெறுங்கையோட அனுப்பல. மூணு வருசமும் வேட்டி சட்டை, நாட்டுக்கோழிக் கொழம்பு, ஊருக்குப் போக டாக்சி. எல்லாத்தையும் கூட்டினா அஞ்சாயிரத்துக்கு மேல போவும். அத ஒருத்தனும் கணக்குல எடுக்க மாட்டான். தங்கப்பழம் அஞ்சாயிரம் குடுக்கல, அது மட்டும் ஊரெல்லாம் தெரியும்.

நீங்க பாக்க பார்வையே சரியில்ல. ஏன் பிடிச்சி வச்சேன்னு கேக்கீங்க. சொன்னேன்லா, சேரு.

சரி, ஒண்ணு சொல்லுதேன். மகன் பெங்களூர்ல. வந்தா ஓட்டல்லதான் தங்குதான், எங்க வீட்டு பாத்ரூம் மருமகளுக்குச் சரிப்பட்டு வரல. வருசத்துல ரெண்டு நாளுதான் நம்ம வீட்டுல ரெண்டு எலை விழும். எதுத்தாப்புல ஒருத்தன் உக்காந்து சாப்பிட்டா சோத்துக்கு ஒரு ருசி இருக்கத்தான் செய்யுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சும்மா சொல்லுதேன்.

இப்பம் வெவகாரத்துக்கு வாரேன். இவன் போன வாரம் வந்து நிக்கான். பொங்கல் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆனி மாசம். "அண்ணாச்சி, தாமரைவிளையில பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு டீம் ஆரம்பிச்சிருக்காங்க. சொல்லிக்குடுக்க ஆளு வேணும்னு என்னயக் கூப்புடுதாங்க. மாசம் பதினெட்டாயிரம், தங்குறதுக்கு வீடு. நாப்பத்தொரு வயசுல எனக்கு இனிமே வேற என்ன வரும்? ஆனா அங்க மாட்டுப் பொங்கலுக்குத்தான் பெரிய மேட்ச். ஒத்தி இன்னும் தீரல. நீங்க விட்டாத்தான் போக முடியும்"ங்கான்.

தாமரைவிளை! அண்டாவத் தூக்கிக்கிட்டு வந்தானே, அவன் ஊருக்கு. பதினாறு வருசம் பாத்துப் பாத்துப் பணம் குடுத்திருக்கேன். நாலு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரம் தம்பி. அதுல நன்றியப் பாத்தீங்களா? பாக்கி தீரட்டும் பாப்போம்னேன். "எப்பம் தீரும்?"னான். அடுத்த பொங்கலுக்குப் பாப்போம்னேன். "அதுக்குள்ள அவங்க வேற ஆளப் போட்டுருவாங்க அண்ணாச்சி"ன்னான். அதுக்கு நான் என்ன செய்ய, பத்திரத்துல அப்பிடித்தான எழுதியிருக்குன்னேன்.

இன்னைக்குக் காலையில என்ன பண்ணினான்ங்கீங்க? வந்தான். சட்டைப் பையிலருந்து பத்து ஐநூறு ரூவா நோட்ட எடுத்து என் கையில வச்சான். "அண்ணாச்சி, நீங்க எனக்குத் தர வேண்டிய அஞ்சாயிரத்துக்கு இத வச்சிக்கிடுங்க. கைமாத்தா நான் ஒங்களுக்குத் தாரேன். இத எனக்குக் குடுத்திருங்க. ரசீது எழுதிருவோம்"ங்கான்.

எவ்வளவு திமிரு பாருங்க! எம் பாக்கியத் தீக்க எனக்கே கடன் குடுக்கான். ஆடினவனும் அவன், சம்பளம் வாங்குதவனும் அவன், குடுக்கவனும் அவன். அப்பம் நான் யாரு இதுல? ஏசிட்டேன் நல்லா. சிரிச்சிக்கிட்டே நின்னான். பஸ்ல வரும்போது என் பக்கத்துலதான் உக்காந்து வந்தான், கால நீட்ட எடம் இல்லாம. என் டிக்கட்டையும் அவன்தான் எடுத்தான்.

அதான் வந்தேன். நீங்க எழுதுற ரசீதுல ஒரு சின்ன விசயம் பண்ணணும். பாக்கி தீந்துதுன்னு முழுசா எழுதாம, ஒரு நூறு ரூவா நிக்கிற மாதிரி... என்ன தம்பி, பேனாவ மூடிட்டீங்க?

செல்லாதா? எது செல்லாது? ஓ, பழைய பத்திரமா. அது எனக்குத் தெரியாதா? ஒங்கப்பாவே ரெண்டாவது வருசம் என்னயக் கூப்பிட்டுச் சொன்னாரு. "தங்கப்பழம், பதிவு பண்ணாத தாளு, ஆள ஒத்தி வைக்கிறதுக்குச் சட்டமும் கிடையாது. கோர்ட்டுல நிக்காது"ன்னாரு. தெரிஞ்சிதான நான் ஒம்போது வருசம் கரெக்டாக் குடுத்தேன். செல்லாத தாளுக்கு எவனாவது குடுப்பானா? நான் குடுத்தேன். சத்தமாப் பேசாதீங்க. அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எப்பமோ போயிருப்பான்.

என்ன?

அவன் வந்தானா? இங்கயா? எப்பம்?

ஆப்பரேசனுக்கு நான் பணம் தர மாட்டேன்னு சொன்ன அந்த வாரமா. கால்ல கட்டோடயா. நீங்க அப்பம் ஒங்கப்பாகிட்ட தொழில் படிச்சிக்கிட்டிருந்தீங்களா. நீங்களே பாத்தீங்களா. பணத்த முன்னாடியே வாங்க முடியுமான்னுதான் கேட்டானா. அதுக்கு ஒங்கப்பா என்ன சொன்னாரு?

முடியாது, இது செல்லாத தாளு, அவரும் ஒனக்குக் குடுக்க வேண்டியது இல்ல, நீயும் அவருக்கு ஆட வேண்டியது இல்ல, நீ போப்பான்னு சொல்லிட்டாரா.

அதுக்கு இவன் என்ன சொன்னான்?

அவன்கிட்ட இருந்த நகல மடிச்சி வச்சிக்கிட்டு, அண்ணாச்சிகிட்ட இதச் சொல்லிராதீங்கன்னு மட்டும் சொன்னானா.

பதிமூணு வருசம்.

ஒங்கப்பாவும் பெரிய ஆளுதான். எங்கிட்டயும் சொல்லியிருக்காரு, அவன்கிட்டயும் சொல்லியிருக்காரு. ஒருத்தனப் பத்தி இன்னொருத்தன்கிட்ட மூச்சு விடல.

தம்பி, அந்தத் தண்ணிய இங்கன எடுங்க.

இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பம் எதுக்கு வந்தான்? அவனுக்குத்தான் எந்தக் கட்டாயமும் இல்லயே. அந்தக் காலோட, ரெண்டு பஸ் மாறி, பதிமூணு வருசம். வந்து எறங்கி, மண்ணுல விழுந்து, எந்திரிச்சி... நான் பணம் குடுக்காத மூணு வருசமும் வந்தானே தம்பி. நாட்டுக்கோழிக் கொழம்புல உப்பு கூடிப் போச்சி ஒரு தடவ. நல்லா இருக்கு அண்ணாச்சின்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

நான் அந்த எம்பதாயிரத்தக் குடுத்திருக்கணும் தம்பி. சேரு அடுத்த மாசம் வாங்கியிருக்கலாம். முந்நூறுல இப்பம் ஒண்ணுகூட மிச்சம் இல்ல, எல்லாம் ஒடஞ்சி போச்சி. 'உள்ளது உள்ளபடி திருப்பி ஒப்படைக்கவும்'னு எழுதியிருக்குலா. நான் எத ஒப்படைக்கப் போறேன் இப்பம்? அந்தா கெடக்கு, பெஞ்சுக்கு வெளிய நீட்டிக்கிட்டு.

பேனாவத் தெறங்க. எழுதுங்க. அந்த நூறு ரூவா எல்லாம் வேண்டாம். பாக்கி ரூபாய் ஐயாயிரமும் இன்றைய தேதியில் ரொக்கமாகச் செல்லாகிவிட்டபடியால், மேற்படி சித்திரைவேல் பேரில் எனக்கோ என் குழுவுக்கோ இனி யாதொரு பாத்தியதையும் இல்லை. போட்டுட்டீங்களா? அவரு விரும்புற ஊருக்கு விரும்புறபடி ஆடவோ சொல்லிக்குடுக்கவோ எங்களுக்குச் சம்மதம்னு ஒரு வரி சேருங்க. தாமரைவிளைன்னு பேரு போட்டே எழுதுங்க. போடுங்க, பரவாயில்ல.

இந்தா, பணம். இது அவன் குடுத்தது இல்ல, என் பணம். கவரப் பாத்தீங்களா, மேல குங்குமம் கருத்துப் போச்சி. பத்தாவது வருசம் போட்டு வச்ச கவரு. அப்பிடியே பீரோவுல கெடந்தது. காலையில எதுக்கு எடுத்து மடியில வச்சேன்னு எனக்கே தெரியல. எண்ணிப் பாக்க வேண்டாம், சரியா இருக்கும்.

அவனக் கூப்பிடுங்க. இல்ல, இருங்க, அவன் எந்திரிச்சி வர நேரமாவும். தாள எடுத்துக்கிட்டு நாம அங்கன போவோம். அவன் உக்காந்த எடத்துலயே கையெழுத்துப் போடட்டும்.

ஒரு நிமிசம் தம்பி. அவன் காலையில குடுத்த அஞ்சாயிரம் ஒண்ணு என் சட்டைப் பையில இருக்குலா. கைமாத்துன்னு சொல்லித்தான குடுத்தான். அது அப்பிடியே இருக்கட்டும், இப்பம் திருப்பிக் குடுக்கல. தைக்கு வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க. மாட்டுப் பொங்கலன்னைக்கு வேண்டாம், அன்னைக்கு அவனுக்கு அங்க மேட்ச் இருக்கும். மறுநா வரட்டும், மறுநா இல்லன்னா அதுக்கு மறுநா, அவனுக்கு என்னைக்குத் தோதோ அன்னைக்கு வரட்டும். இதுக்குப் பத்திரம் ஒண்ணும் எழுத வேண்டாம்.